புகார்ப் பெட்டியைத் திறந்தவன்

பள்ளி அலுவலக ஜன்னலுக்குள் டி.சி. விண்ணப்பம் ஒன்று நீண்டது. உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தர் அதை வாங்கிப் பார்த்தாள். பள்ளி முழுக்க அவளை ஆபீஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். வேலையில் புலி, மாடிப்படியைக் கண்டால் மட்டும் பூனை.

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. இப்பப் போய் டி.சி. கேக்கறியேம்மா?"

"வீடு மாறுறோங்க்கா."

பதினோராம் வகுப்புப் பெண். பேச்சு அக்காவிடம் இருந்தாலும் பார்வை பின்னாலிருந்த வராந்தாவையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்பாவின் கையெழுத்தையும் அவளே போட்டிருந்தாள். அது ஆபீஸ் அக்கா கண்ணுக்குத் தப்புமா? உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தாழ்ப்பாள் போடுங்கக்கா" என்றாள் பெண். அக்கா தாழ்ப்பாளைப் போட்டாள்.

பெண் நின்றபடியே சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தலைவனும் அவளும் நான்கு மாதமாகப் பழகினார்கள். முதலில் போன் பாஸ்வேர்டைக் கேட்டான். அப்புறம் தோழிகளோடு பேசக் கூடாது என்றான். போன வாரம், இனிமேல் பழக வேண்டாம் என்று இவள் சொன்னதும் மாடிப்படியில் வைத்துக் கையை முறுக்கினான். சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். நாலு விரல் பதிந்த இடமும் கன்றிப் போயிருந்தது.

"புகார்ப் பெட்டி எதுக்கு இருக்கு? எழுதிப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டேங்க்கா, பேர் எழுதாம. அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஸ்டாப்புல அதை எனக்கே படிச்சுக் காட்டினான். இன்னொரு தடவை எழுதினா சும்மா விடமாட்டேன்னான்."

"அது எப்படி அவன் கைக்கு..." கேட்க வந்தவளுக்குப் பெட்டியின் சாவி நினைவுக்கு வந்தது.

இரண்டு ஆசிரியர்கள் முன்னிலையில்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது விதி. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே அவள்தான். முட்டி வலிக்கிறது என்று, மாடியிலிருந்த அந்தப் பெட்டியின் சாவியைப் பொறுப்பான பையனாகப் பார்த்து மாணவர் தலைவனிடம் கொடுத்தவளும் அவள்தான். "இந்த வாரமும் ஒண்ணுமில்லக்கா" என்று அவன் சொல்வான். இவள் பதிவேட்டில் 'புகார் இல்லை' என்று அழகாக எழுதுவாள். இப்படி எத்தனை பிள்ளைகளின் தாள் அவன் பைக்குள் போனதோ.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நான்தான். அவ உள்ள இருக்காளா?" குரலில் தேன் ஒழுகியது.

அவன்தான். பெண் பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

அக்காவுக்கும் பயம்தான். விஷயம் வெளியே வந்தால் வேலை போகும். டி.சி.யில் ஒரு முத்திரை குத்தினால் போதும், பெண் போய்விடுவாள், யாருக்கும் எதுவும் தெரியாது. முத்திரையைக் கையில் எடுத்தும்விட்டாள். அவன் மறுபடி தட்டினான், இந்த முறை கதவே அதிர்ந்தது. பீரோவின் பின்னாலிருந்து, "திறக்காதீங்கக்கா" என்று ஒரு முனகல் வந்தது.

அக்கா முத்திரையை வைத்துவிட்டுத் தலைமையாசிரியைக்கு போன் செய்தாள்.

அவர் உடற்கல்வி ஆசிரியரோடு வந்தார். ஆசிரியர் அவனை அழைத்துப் போனார். தலைமையாசிரியை பெண்ணின் கையைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"டி.சி. குடுத்துடலாமே. அவளுக்கும் நிம்மதி. பத்து வருஷமா ஒரு புகார்கூட வராத ஸ்கூல் இது."

"வந்திருக்கு மேடம், நமக்குத்தான் தெரியல. சாவியை அவன்கிட்ட குடுத்தது நான். என்னை என்ன வேணா செய்யுங்க. அடி வாங்கினவ எதுக்கு ஸ்கூலை விட்டுப் போகணும்? சுவத்துல விதியை ஒட்டிட்டாப் பிள்ளைங்க பத்திரமா இருக்கும்னு நெனைச்சோம். சொல்ற பிள்ளைக்குப் பாதுகாப்புக் குடுக்காம தைரியமா சொல்லுன்னா, அடிக்கிறவன் கையில நாமளே புடிச்சுக் குடுக்கிறோம்னுதான் அர்த்தம்."

தலைமையாசிரியை பெண்ணைப் பார்த்தார். அவள் இன்னும் பீரோவை விட்டு நகரவில்லை.

"நீ எங்கேயும் போக வேண்டாம்மா. உங்க அப்பாகிட்ட நானே பேசறேன்" என்றார். பிறகு பதிவேட்டை எடுத்து அக்காவின் முன்னால் தள்ளினார்.

"எழுதுங்க. முதல் புகார் அவன் மேல. ரெண்டாவது உங்க மேல. மூணாவது, பத்து வருஷமா ஒரு தடவைகூட அந்தப் பெட்டியை எட்டிப் பாக்காத என் மேல."