கெஸ்ட் வந்தால் சேவலுக்கு ஆகாது

சிதறால் மலையடியில் ஞானபாயின் சேவல் கூவினால் கருங்கல் சந்தையில் கடை திறப்பார்கள். எதிர்காற்று அடித்தால் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். அந்தச் சேவலின் கழுத்துக்கு ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஆபத்து வந்தது.

மலைமேல் சமணச் சிலைகளைப் பார்த்துவிட்டு இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், தாகமென்று அவள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். உடனே அவள் புருஷன் தங்கையன் கத்தியைத் தேடினான். வீடேறி வந்த விருந்தாளிக்குக் கோழி அறுக்காவிட்டால் அவன் வம்சத்துக்கே இழுக்கு.

“இஞ்ச பாருங்க, அவரு விருந்தாளின்னு ஆரு சொன்னா? உபதேசியாரைக் கூப்பிடுங்க,” என்றாள் ஞானபாய்.

ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் சபை உபதேசியார் செல்வதாஸ்தான். துரையிடம் கேட்டுவிட்டு வந்தார்.

“விசிட்டராம்.”

“அதும் கெஸ்டும் ஒண்ணுதானே?” என்றான் தங்கையன்.

“எப்பிடி ஒண்ணாவும்? விசிட்டர்னா பாத்துட்டுப் போறவன். கெஸ்ட்னா தங்கித் தின்னுறவன். விசிட்டருக்குச் சாயா போதும்.” கிடைக்காமல் போன தொடைக்கறி அவர் குரலில் தெரிந்தது.

துரை சாயாவைக் குடித்து முடிப்பதற்குள் மழை பிடித்தது. கிணறு பொங்கி வாளி தானாகவே மேலே வந்த மழை அது. ஓடை பெருகிப் பாதை மூடிவிட்டது. துரை அன்று அங்கே தங்கத்தான் வேண்டும், உபதேசியாரும்.

“இப்போ கெஸ்ட் ஆயாச்சு,” என்று உபதேசியார் சப்புக்கொட்டினார். தங்கையன் கத்தியைத் தீட்டினான்.

கூடைக்குள்ளிருந்து சேவல் அவளைப் பார்த்தது. அடுக்களைக்குப் போன ஞானபாய், திருவலைப் பலகையையும் ஒரு முறித் தேங்காயையும் கொண்டுவந்து துரைக்கு முன்னால் வைத்து, திருவிக் காட்டினாள். துரைக்கு ஒரே சந்தோஷம். ஒட்டகம் படுப்பதுபோல் அதன்மேல் மடிந்து உட்கார்ந்து திருவத் தொடங்கினார்.

தங்கையன் பதறிப்போனான். “ஏட்டி, விருந்தாளியவா திருவ வச்சே?”

“விருந்தாளிய திருவலையில இருத்தலாமா?”

“கூடாது.”

“அப்போ அதுல இருக்கது ஆரு?”

அவன் யோசித்தான். அவன் வம்சத்தில் எந்த விருந்தாளியும் தேங்காய் திருவியதில்லை. “வீட்டாளுதான்.”

“வீட்டாளுக்கு எவனாவது கோழி அறுப்பானா?”

கத்தி கூரை இறவாரத்துக்குப் போயிற்று. எல்லோரும் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் தின்றார்கள்.

விடியுமுன்னே சேவல் துரையின் காதருகே நின்று கூவியது. பாயோடு எழுந்து முற்றத்துக்கு ஓடிய துரை, மூச்சு வந்ததும் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுகாரு?” என்றாள் ஞானபாய்.

“அடுத்த தடவ கெஸ்ட்டா வாறாராம்,” என்றார் உபதேசியார், சேவலைப் பார்த்தபடியே.