மல்லாந்து கிடந்த கட்டு

1

பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது. ஓவியக்காரி எனக்குத் தர வேண்டியிருந்த கூலிப் பாக்கி இது. இந்தக் கதை பிறந்ததும் இந்தத் தொகையிலிருந்துதான். வேறு ஏதாவது காரணம் சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் பொய்.

முதலில் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன்:

மை மணக்கும் அந்த அறையில் ஒரு ஓவியக் கலைஞியின் கனவு

அதற்கு மேல் ஓடவில்லை. கனவு என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த அறையில் கனவு காண உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு, அதிலும் மை டப்பா உட்கார்ந்திருக்கும்.

அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். காரணம் அடுத்த பகுதியில்.

2

நான் ஸ்கிரீன் பிரிண்டிங் கூலி. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன்மேல் மை, மையை வழித்துத் தள்ள ரப்பர் பட்டை பொருத்திய கட்டை. அவள் வரைவாள், நான் அச்சடிப்பேன். மூன்று நிறப் படம் என்றால் ஒரே தாள் மூன்று தடவை சட்டத்துக்கு அடியில் போய் வரவேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் நாய்க்கு இரண்டு மூக்கு. அதனால் நல்ல தாளில் இறங்குவதற்கு முன் பழைய தாளில் மையை இழுத்துப் பார்ப்போம். அதே தாளில் அடுத்த படத்தையும், அதற்கடுத்ததையும். கடைசியில் குடைமேல் நாய், நாய்மேல் தண்ணீர்க் குழாய், குழாய்மேல் பாதி ஏணி என்று ஒரே தாளில் ஒரு ஊரே குடியேறியிருக்கும்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தைந்துக்கு மேல். அவ்வளவு தாமதமாக வந்த ஒன்றை எழுதிவிட்டு அடிக்க மனசு வராது. அதனால் இந்தக் கதையின் சோதனைத் தாள்களும் உங்கள் முன்னாலேயே கிடக்கும்.

(ஒரு பட்டறைப் பழக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்கக்கூடாது. நல்ல தாள் காய்ந்ததும் கவிழ்த்து அடுக்குவோம், முகத்தில் தூசி படாமல் இருக்க. சோதனைத் தாள் மல்லாந்து கிடக்கும். அதன் முகத்துக்கு என்ன ஆனால் யாருக்கென்ன?)

3

இப்போது என் மகள் வருகிறாள். டிசைன் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேக்க மாட்டீங்க. நான் போய்க் கேக்குறேன்" என்றாள்.

"இருந்தா குடுத்திருப்பாம்மா."

"இருக்கா இல்லையான்னு நான் பாத்துட்டு வரேன்."

போனவள் பணத்தோடு வரவில்லை. வேலையோடு வந்தாள்.

"அந்த அக்காகிட்ட காசு இல்லப்பா."

"அதத்தான நானும் சொன்னேன்?"

"ஒரு பேர்ப்பலகை இல்ல, ஒரு கார்டு இல்ல. படம் வாங்குன ஆளு மறுபடி எப்படித் தேடி வருவான், மோப்பம் புடிச்சா? மாசக் கடைசியில ஓவியச் சந்தையில ஸ்டால் போடுறாங்களாம். அதுல ஓடலன்னா அச்சு மேசைய வித்துடுவேங்கிறாங்க."

மேசை போனால் என் பாக்கியும் போச்சு, பிழைப்பும் போச்சு. இந்தத் தோள்பட்டையை வைத்துக்கொண்டு இனிமேல் மூட்டை தூக்கப் போக முடியாது.

"அதனால?"

"லோகோ, கார்டு, உறை, பேனர் எல்லாம் நான் பண்ணித் தரேன்னுட்டேன். வித்தப்புறம் கூலி."

"பாக்கி வசூலிக்கப் போனவ, கூட ஒரு பாக்கி வச்சுட்டு வந்திருக்க."

"யாரு பொண்ணு?"

[மகள் இதைப் படித்துவிட்டு, "மோப்பம்னெல்லாம் நான் சொல்லலப்பா" என்கிறாள். சொன்னாள். கதை எழுதுகிறவன் நான்.]

ஓவியக்காரி என்னை அண்ணே என்பாள். என் மகள் அவளை அக்கா என்பாள். உறவுமுறை எங்கள் பட்டறையில் நேராக உட்காராது, அவசரத்தில் இழுத்த மூன்றாவது நிறம் மாதிரி.

4

இந்த இடத்தில் ஓவியக்காரியைக் கெட்டவளாக்கினால் கதை ஜோராக ஓடும் என்று பட்டது. முயன்றேன்:

அவள் உதட்டைச் சுழித்து, கூலிக்காரனைப் பார்ப்பதுபோல்

நிற்கவில்லை. கூலி தராத மாதங்களிலும் அவளுக்கு வருகிற டீயில் பாதி என் டம்ளருக்கு வந்துவிடும். கெட்டவளுக்கு இது எப்படிப் பொருந்தும்? விட்டுவிட்டேன்.

ஆனால் சிடுமூஞ்சி. அதில் சந்தேகமில்லை.

மகள் முதலில் தூரிகையும் மைத்துளியுமாக ஒரு சின்னம் கொண்டுவந்தாள். ஓவியக்காரி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு. யாரோடது?"

அடுத்தது, சட்டத்துக்குள் வட்டம். "முகம் பாக்குற கண்ணாடி விக்கப் போறேனா நான்?" மூன்றாவது, பெயர் மட்டும், கொழுத்த எழுத்தில். "மருந்துக்கடைக்கு வச்சுக்கலாம்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மகள் முன்னால் நடந்தாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா வாங்கப்பா, யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

மறுநாள் வெறுங்கையோடு போனாள். தேய்ந்துபோன ஒரு தூரிகையை எடுத்து ஓவியக்காரி முன் நீட்டினாள்.

"உங்க பேர எழுதுங்கக்கா."

"எதுக்கு?"

"கோவமா இருக்கீங்கல்ல, அப்படியே எழுதுங்க."

ஒரே வீச்சு. கடைசி எழுத்தின் வால் தாளைவிட்டே ஓடப் பார்த்தது. அவள் வரைகிற நாயின் வாலும் அப்படித்தான் ஓடும்.

"இதுதான்" என்றாள் மகள். ஓவியக்காரி தாளைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தாள். ரப்பர் கட்டையைத் துடைக்கிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெருமை முகத்தில் வழிந்தால் அடுத்தவருக்குக் கேலிதானே?

5

கெட்டியான வெள்ளைத் தாள் வாங்கினோம். ஒரு தாளில் பல வரிசையாகப் பெயர், பிறகு வெட்டினால் கார்டு. அந்த வால் மட்டும் வலையில் சரியாக விழ மறுத்தது. பழைய தாள்களில் இழுத்து இழுத்துப் பார்த்தேன். வால் ஒழுங்காக விழுந்தபோது சோதனைக் கட்டு முழுவதும், குடை நாய் ஏணி எல்லாவற்றின் மேலும், அவள் பெயர் கறுப்பாக ஏறியிருந்தது. பிறகு வெள்ளைத் தாளில் அடித்தேன். காய்ந்ததும் கவிழ்த்து அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது கவிழ்ந்த கட்டு இருந்தது. மல்லாந்த கட்டைக் காணவில்லை.

மகள் ஒரு செருப்புப் பெட்டியோடு உள்ளே வந்தாள். "கட்டிங் கடையில கூட்டமே இல்லப்பா, உடனே வெட்டிக் குடுத்துட்டான்."

ஓவியக்காரி மூடியைத் திறந்தாள். பாதிக் குழாய்மேல் அவள் பெயர். நாயின் காதுமேல் அவள் பெயர்.

"இது என்னோட தப்பெல்லாம்" என்றாள். "வேற ஒருத்தர் கண்ணுல படக்கூடாதுன்னு வச்சிருந்தது. இத வெட்டி ஊருக்கெல்லாம் குடுக்கணுமா?"

"வெள்ளைத் தாள் அப்படியே இருக்கும்மா, வெட்டிக்கலாம்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"வெட்டுங்க. ஸ்டால்ல அத மட்டும் வைங்க."

"சரிக்கா" என்றாள் மகள். அவள் சரி என்று இவ்வளவு சீக்கிரம் சொல்லி நான் கேட்டதில்லை.

6

சந்தை அன்று வெள்ளைக் கார்டுகள் மேசை நடுவில் சீட்டுக்கட்டுபோல் நிமிர்ந்திருந்தன. மேசையின் ஓரத்தில், பேனர் மடிப்புக்குப் பின்னால், செருப்புப் பெட்டி. மூடி இல்லாமல்.

"இது எப்படி வந்துச்சு?" என்றாள் ஓவியக்காரி.

"வெட்டுக்கூலி குடுத்த சாமான தூக்கியா போட முடியும்? இருந்துட்டுப் போவுது" என்றாள் மகள்.

வெள்ளைக் கார்டை எடுத்தவர்கள் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பெட்டியைக் கண்டவர்கள் நின்றார்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை அல்லவா? புடவைக் கடையில் நிற்கிற மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். தோளில் பையோடு வந்த ஒரு வாத்தியார் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல பாதி ஏணிதான் இருக்கு. மீதி எங்கம்மா?"

ஓவியக்காரி சிவந்துபோய், மேசைக்கு அடியிலிருந்து முழு ஏணிப் படத்தை உருவிக் காட்டினாள். வாத்தியார் கார்டை அதன்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்த்தார். சிரித்தார். வாங்கினார்.

அவருக்குப் பின்னால் ஒரு அம்மா: "இந்த நாய்க்கு வால் எங்க போச்சு?"

மகள் அட்டை ஒன்றைக் கிழித்து, கறுப்பு மையில் எழுதிப் பெட்டிமேல் சாத்தினாள்: 'உங்க கையில பாதி. மீதி எங்ககிட்ட.'

மதியத்துக்குள் ஓவியக்காரியே கூவ ஆரம்பித்துவிட்டாள். "வாங்க, வாங்க, உங்களுக்கு எது பாதி வந்திருக்கு?" அந்தச் சிடுமூஞ்சிக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

என்னைப் பார்த்து யாரோ, "இத டிசைன் பண்ணது யாரு?" என்றார்கள். "என் பொண்ணு" என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

7

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: அவள் கண்ணீர் மல்கப் பணத்தை என் கையில் வைத்து

அவள் அழவில்லை. இரண்டு கைகளிலும் மை, துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை.

இரண்டு: 'வேண்டாம்மா, நீயே வைத்துக்கொள்' என்று பெருந்தன்மையுடன்

நான் அப்படிப்பட்டவன் இல்லை. வீட்டு வாடகை நின்றிருந்தது.

மூன்றாவதை நீங்கள்தான் எழுத வேண்டும். பட்டறையில் வளர்ந்தவள் என் மகள். நடக்கப் பழகியதே அச்சு மேசையின் காலைப் பிடித்துக்கொண்டுதான். மல்லாந்த தாள் சோதனைத் தாள் என்பது அவளுக்குத் தெரியாதா? இல்லை, படிப்பு ஞாபகத்தில் பட்டறை மறந்துபோய் அள்ளிக்கொண்டு போனாளா? நேராகவே கேட்டேன்.

"காசு வந்துச்சா இல்லையாப்பா?" என்றாள்.

தெரியாமல் செய்தாள் என்று நீங்கள் எழுதினாலும் சரி, தெரிந்தே செய்தாள் என்றாலும் சரி. இரண்டிலும் அவள் என் மகள். அதை மட்டும் மாற்றாதீர்கள்.

ஓவியக்காரி முதலில் மகளின் கூலியைக் கொடுத்தாள். பிறகு எனக்கு எண்ணினாள். பதினெட்டாயிரத்து எழுநூறு வந்தது. நாற்பதுக்குச் சில்லறை தேடிப் பையைக் கவிழ்த்தாள்.

"விடும்மா" என்று செருப்புப் பெட்டியில் கைவிட்டு ஒரு கார்டு எடுத்துக்கொண்டேன். பாதி ஏணி, அதன்மேல் ஓடுகிற வால். "நாப்பதுக்கு இது. கணக்குத் தீர்ந்துச்சு."