லியோனுக்கு நரை

1.

"அவருக்கும் வயசு போகும்தானே?"

ஊர்காவற்றுறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்ன வசனம் இது. யாரைச் சொன்னாள் என்று கேட்காமலே இறங்கிவிட்டேன். கேட்டிருந்தால் கதை வந்திராது. மிச்சமெல்லாம் நான் பூசியது.

("கடல் அன்று அமைதியாக" என்று தொடங்கிப் பார்த்தேன். வேண்டாம். தீவுக் கதை என்றதும் எல்லாரும் கடலைக் கூப்பிட்டுவிடுகிறோம்.)

2.

ஜசிந்தா உள்ளங்கை அளவுப் படங்கள் வரைபவள். 1997இல், போருக்கு நடுவில், அவளுக்குக் கிடைத்தவை மூன்றே நிறங்கள்: மஞ்சட்காவி, செங்காவி, நீலம். பிறகு வெள்ளை கிடைத்தபோதும் வாங்கவில்லை, பிடிவாதக்காரி. வெண்கட்டித்தூளும் பசையும் கலந்து பலகைக்கு அடித்த வெள்ளையே போதும், அதன்மேல் எண்ணெயில் கரைத்த நிறத்தை மெல்லிசாகப் பூசினால் அடியிலிருந்து வெளிச்சம் வரும் என்பாள். ஒரு பூச்சுக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. உப்புக் காற்றில் அது காய்வதற்குள் உயிர் போய்விடும்.

அந்த வருடம் பக்கத்து வீட்டுக் கத்தரீனாவின் கணவர் லியோன் கடற்றொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்களெல்லாம் தொலைந்திருந்தன. ஜசிந்தா நினைவிலிருந்தே அவர் முகத்தை வரைந்து கொடுத்தாள்.

அடுத்த அந்தோனியார் பெருநாளன்று கத்தரீனா படத்தோடு வந்து நின்றாள்.

"பிள்ளை, அவருக்கும் வயசு போகும்தானே? ஒருக்காப் பாரும்."

ஜசிந்தா கன்னத்தில் ஒரு பூச்சுப் பூசினாள். அதன்பிறகு ஒவ்வொரு பெருநாளும் அப்படியே.

(இங்கே ஒரு பங்குச் சுவாமியார் வந்து, "செத்தவருக்குப் பூசை ஒப்புக்கொடும்" என்று — அவரை வெட்டிவிட்டேன். மூன்று நிறத்துக்கு மூன்று பேர் போதும்.)

3.

2009. இம்முறை மறுத்துவிடுவது என்றுதான் ஜசிந்தா இருந்தாள்.

"இனி ஏலாது அக்கா. பூசப் பூச இருளுது. இன்னொண்டு பூசினா முகமே தெரியாது."

"பூச வேண்டாம். தலையை நரைக்க வையும்." கத்தரீனா கோயிலுக்குப் போட்ட முக்காட்டை விலக்கினாள். உச்சியெல்லாம் நரை. "இப்ப பக்கத்தில நிண்டா என்னை அவற்ற தாய் எண்டெல்லோ சொல்லுவினம்."

ஜசிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"வெள்ளை அடியிலதான் இருக்கு அக்கா. பிளேட்டால சுரண்டித்தான் எடுக்கவேணும்.* கை தவறினா முகம் போயிடும். வேற படமும் இல்லை."

"சுரண்டும்."

* வெள்ளை வாங்கி மேலே பூசலாமே என்கிறீர்களா? ஜசிந்தாவும் கேட்டுப் பார்த்தாள். "மேல பூசினா அது சோடினை. எனக்கு அவரில இருந்து வாற நரை வேணும்," என்றாள் கத்தரீனா.

4.

லியோன் வள்ளத்திலிருந்து இறங்கி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். கதவைத் திறக்கக் கத்தரீனாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிளேட் வழுக்கி முகம் கிழிவதாக இன்னொன்று. எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே இவ்வளவுதான். ஜசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதோரம் ஒரு கோடு கீறினாள். இத்தனை வருடப் பூச்சுக்கும் அடியிலிருந்து வெள்ளை வந்தது. ஒரே ஒரு முடி. கத்தரீனா தன் தலையைத் தடவியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும்," என்றாள்.

எத்தனை முடி என்று நான் சொல்லமாட்டேன். எந்த முடியோடு நிறுத்துகிறோமோ அந்த வயதோடு லியோன் நின்றுவிடுவார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பிளேட்டை மேசையில் உங்கள் பக்கமாக வைத்திருக்கிறேன்.

கத்தரீனா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டாள். வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தேன். அசைகிறாளில்லை.