விழிக்காத பன்னிரண்டு போர்டுகளைப் பற்றி எழுத முயன்றது

1

"மாமா, கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தா, தான் யாருன்னு அதுக்கு எப்படி ஞாபகம் வரும்?"

இந்தக் கதை இங்கேதான் தொடங்கியது. கேட்டவள் என் தங்கையின் மகள். ஆறு வயது. கேட்ட இடம் அவர்கள் வீட்டுச் சமையலறை. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அது அம்மாவோட வேலை, அம்மாவைக் கேளு" என்று தள்ளிவிட்டேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கை திரும்பவில்லை. "சில சமயம் வராதுடி," என்றாள். குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.

குழாயை மூடியது நான். இந்தக் கதையில் நான் நேரில் செய்தது அதுவும், பிறகு ஒரு சனிக்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொண்டதும்தான். மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. பாதி புரிந்து, பாதி புரியாமல்.

2

என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கெர்னல் என்பவன் பெரிய மீசை வைத்த வாயிற்காவலன். அவன் கையில்..."

தங்கை அதோடு நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, மீசையெல்லாம் எதுக்கு? அது ஒரு புரோகிராம்."

"படிக்கிறவங்களுக்குப் புரியணுமே."

"மொதல்ல உனக்குப் புரியட்டும்."

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் பலகைக்கு போர்டு என்று பெயர். அதில் ஒரு சின்னச் சிப். மின்சாரம் போனாலும் அழியாத சில குறிப்புகள் அதில் இருக்கும்: இந்தப் போர்டின் எண் என்ன, எழுந்ததும் எங்கே போய் எதைத் தேட வேண்டும். இவற்றை வைத்துப் போர்டை எழுப்புவது ஃபர்ம்வேர். நாம் பயன்படுத்தும் புரோகிராம்கள் நேராக அங்கே கை வைக்கக்கூடாது. நடுவில் இருக்கும் கெர்னலிடம் கேட்க வேண்டும். கெர்னல் பார்த்துக் கொடுக்கும்.

அந்த "பார்த்துக் கொடுக்கும்" பகுதியை எழுதுவதுதான் என் தங்கையின் வேலை. குறிப்புகளை அவள் சாதாரண ஃபைல்கள் போலத் தெரியும்படி செய்திருந்தாள். யாரும் படிக்கலாம். மாற்றவும் அழிக்கவும் அட்மின், அதாவது எல்லா அனுமதியும் உள்ளவர், மட்டும்.

(இவ்வளவையும் அவள் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை, பக்கத்திலிருந்த மகள் எனக்கு விளக்கினாள்.)

3

இந்த இடத்தில் ஒரு கெட்டவன் வர வேண்டும் என்று நினைத்தேன். தேடினேன். கிடைத்தவர் பொறுமை.

அது அவர் பெயரல்ல. டெஸ்ட் அறையில் வேலை பார்க்கிறவர். ஒரு போர்டு முழுதாக எழ நான்கு நிமிடம் ஆகும். ஒரு நாளில் நாற்பது முறை, கைகட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ஆபீஸ் வைத்த பெயர். வருட ஒப்பந்தத்தில் இருப்பவர். இது நடந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது.

அவருக்கு ஒரு பழக்கம். புதுப் போர்டு வந்தால், அதன் குறிப்புகளையெல்லாம் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிக்கொள்வார்.

"எதுக்கு சார், கம்ப்யூட்டர்லயே சேவ் பண்ணலாமே?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள்.

"கம்ப்யூட்டரே படுத்துடுச்சுன்னா மேடம்?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்பு, குழந்தைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்த மாதத்தில், தங்கை தினமும் மத்தியானமே வீட்டுக்கு ஓடினாள். டெஸ்டுகள் பாதியில் நிற்கும். மறுநாள் காலையில் மேசை மேல் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: "முடிஞ்சது. ரெண்டு ஃபெயில், விவரம் பின்னாடி." ரிப்போர்ட்டில் அவள் பெயர். ஒரு மாதம் முழுக்க. நன்றி சொல்லப் போனபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எந்த டெஸ்ட் மேடம்? அதுவா முடிஞ்சிருக்கும்."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கெட்டவனைச் செய்வது?

4

ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமை வாடிக்கையாளர் வந்து பார்ப்பதாக இருந்த போர்டுகள் பன்னிரண்டு. கடைசிச் சுற்று முடிந்தது. சுற்று முடிந்தால் டெஸ்ட் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் ஒரே வரிக் கட்டளையால் துடைத்துவிட்டுப் போவது அந்த அறையின் வழக்கம். அடுத்தவர் வரும்போது அறை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்.

தங்கை புதிதாகச் செய்த அந்த ஃபைல்கள், போர்டுகளின் ஞாபகம், அந்த வாரம்தான் டெஸ்ட் ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. பொறுமைக்குத் தெரியாது; அட்மினாக உள்ளே போய் வழக்கம்போலத் துடைத்தார். அவளுக்குத் தெரியும், ஆனால் யோசிக்கவில்லை.

கெர்னல் கேட்டது: அழிப்பது யார்? அட்மின். சரி, அழித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை காலை பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. அவர் நான்கு நிமிடம் காத்திருந்தார். பிறகு இன்னொரு நான்கு. பதினோரு மணிக்கு அவள் இருக்கைக்கு வந்தார்.

"மேடம், ஒண்ணு எழுந்திருக்கல."

"ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சா உங்களுக்குக் கொஞ்சம் மெதுவா உறைக்கும்னு சொன்னேன். பன்னிரண்டும்."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கால் தரையில் இல்லாத மாதிரி இருந்தது என்றாள். (நான் அந்த இடத்தில் ஒரு உவமை வைத்திருந்தேன். அவள் சொன்னதே போதும் என்று எடுத்துவிட்டேன்.)

5

இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. தவறு யாருடையது?

அழித்தவர் பொறுமை. அழிக்க விட்டது தங்கையின் கெர்னல். குறிப்பு போனாலும் எப்படியாவது போர்டை எழுப்பியிருக்க வேண்டியது ஃபர்ம்வேர்; அதை எழுதியவர்கள் வேறு கம்பெனி. கேட்டால், "அனுப்பி வையுங்க, ரெண்டு வாரம் ஆகும்" என்றார்கள். நான் ஒருவர் பக்கம் எழுதினால் மற்ற இருவரும் காகிதத்திலிருந்து என்னைப் பார்க்கிறார்கள்.

மேலாளருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"டெஸ்ட் ஷீட்ல கையெழுத்து யாருது?"

"அவரோடது. ஆனா என் கோட் விட்டதாலதான் சார் அழிஞ்சது. தப்பு என்னோடது."

"கெர்னல் சொன்னதைச் செஞ்சுது. சொன்னது யாரு? பாரும்மா, திங்கட்கிழமை பன்னிரண்டும் எழுந்திருச்சா நான் எதுவும் கேக்கப் போறதில்ல. எழுந்திருக்கலன்னா ஒருத்தரை அனுப்பச் சொல்வாங்க. ஒப்பந்த ஆளை அனுப்பறது அவங்களுக்குச் சுலபம்."

அவரும் கெட்டவரில்லை. சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

அன்று மாலைக்குள் தங்கை கெர்னலைத் திருத்தினாள். இனிமேல் எல்லாக் குறிப்புகளும் பூட்டியே இருக்கும், அட்மினுக்கும்தான். அழித்தாலும் ஆபத்தில்லை என்று தெரிந்த சில மட்டும் திறந்திருக்கும். மற்றதில் கை வைக்க வேண்டுமானால், அந்த ஒன்றின் பூட்டை முதலில் தெரிந்தே திறக்க வேண்டும். திருத்தத்துக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: "அட்மின் என்றால் தெரிந்துதான் செய்வார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு என் தவறு. அழித்தவர், சுத்தம் செய்யும் எவரும் செய்வதைத்தான் செய்தார்."

ஆனால் விழிக்காத போர்டுக்குள் புதுக் கெர்னல் எப்படிப் போகும்?

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: பொறுமை தன் நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார், திரும்பிப் பார்த்து... இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: எல்லோர் முன்னாலும் மேலாளர் எழுந்து மன்னிப்புக் கேட்கிறார். தங்கை சொன்னாள்: "அண்ணா, எங்க மேலாளரை நீ பார்த்ததே இல்ல."

மூன்றாவதை எழுதுமுன் அவளிடமே கேட்டேன். உண்மையில் என்னதான் நடந்தது?

"திங்கட்கிழமை பன்னிரண்டும் எழுந்திருச்சு. அவரு அங்கதான் இருக்காரு, கையைக் கட்டிக்கிட்டு."

"எப்படி எழுந்திருச்சு?"

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கென்ன தெரியும்? அதுவா எழுந்திருக்கும்."

7

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் விடுமுறை. காலையில் மகளை என் வீட்டில் விட்டுப் போனாள். குழந்தை என்னோடு படம் வரைந்தாள். கண்ணை மூடிய ஒரு கம்ப்யூட்டரை. "இதுக்கு ஞாபகம் வந்துடுமா மாமா?" என்றாள். "வரணும்னு கடவுள்கிட்ட கேட்டுக்கலாம்," என்றேன். இருவரும் கேட்டுக்கொண்டோம். பெரியவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. சாயங்காலம் தங்கை வந்தபோது அவள் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எதையோ நெடுநேரம் அழுத்திப் பிடித்த தடம் சிவந்திருந்தது.

இனி வருவதை யாரும் பார்க்கவில்லை. ஆகவே சொல்லத் தயங்குகிறேன். ஜன்னல் வெளிச்சம் விழும் டெஸ்ட் அறை. வரிசையாகப் பன்னிரண்டு போர்டுகள். அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்து வைத்த, கோடு போட்ட ஒரு நோட்டு. சிப்பின் கால்களை ஒரு சின்னக் கவ்வியால் நழுவாமல் பிடித்துக்கொண்டால், இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றலாம். ஒவ்வொரு போர்டுக்கும் அதனதன் எண். ஒன்றின் ஞாபகத்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடக்கூடாது.

முதல் போர்டை ஏற்றி, கவ்வியை எடுத்து, மின்சாரம் கொடுத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம். அதற்கு முன்னால் அவள் அந்த நான்கு நிமிடத்தை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

திரை வெளிச்சமானதா என்று எட்டிப் பார்க்காதீர்கள். நானும் பார்க்கப் போவதில்லை. யாருக்கும் தெரியாமல் கிடைத்ததை யாருக்கும் தெரியாமல் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். அங்கே நாம் இருவரும் அதிகப்படி. வாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு போவோம். பொறுமையின் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பார்க்க வேண்டும் அவள். இன்னும் பதினொன்று இருக்கின்றன.