மோர் நுழையாத வீடு

புண்ணுக்குத் தயிர் ஆகாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எங்கள் தெருவில் பச்சைப்பிள்ளைக்குக்கூட அது தெரியும். அதனால் 1986-இல் என் வீட்டுக்காரர் சங்கையா, ராஜபாளையத்தில் மில் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, தையல் போட்டவர்கள் காப்சூல் கொடுத்தார்கள், நான் பத்தியம் போட்டேன். தயிர், மோர், பழைய சோறு, புளித்த மாவு இட்லி, எதுவும் கிடையாது. சோறும் மிளகு ரசமும்தான். வன்னியம்பட்டியில் என்னைப் போலப் பத்தியம் காக்க ஆள் கிடையாது என்று எனக்கே என்மேல் பெருமை.

புண் பத்து நாளில் ஆறியது. வயிறுதான் பிடுங்கிக்கொண்டது. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை. எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? புண்ணை ஆற்றிய காப்சூல் வயிற்றை ஆற்றாதா என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் இன்னும் பத்து நாளைக்கு வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

வேறு நேரமாக இருந்தால் தானாக நிற்கட்டும் என்று விட்டிருப்பேன். அவர் மில்லில் ஐந்து வருஷமாகப் பதிலி. யாராவது லீவு போட்டால்தான் வேலை. பெர்மனென்ட் ஆகிறவர்களின் லிஸ்ட் அந்த மாதம்தான் போட இருந்தார்கள். மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பக்கத்திலேயே நின்று ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இவரோ ஷிப்டுக்கு நாலு தடவை கக்கூஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார். மேஸ்திரி ராஜரத்தினம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"சங்கையா, வார திங்கக்கிழமையிலருந்து ஆறு நாள் உன்னயப் பாப்பேன். சாப்பாட்டு நேரம் தவிர மிஷின விட்டு நவுந்தேன்னா லிஸ்ட்டுல உன் பேரு இருக்காது. பொறவு என்னைய வையாத."

இதைக் கேட்டதிலிருந்து அவர் ஷிப்டுக்கு முன்னால் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். சாப்பிட்டால்தானே போகும் என்று நினைப்பு. வெறும் வயிறும் அவரை விடவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. இந்த லிஸ்ட் போனால் அடுத்தது எப்போது என்று மில்காரர்களுக்கே தெரியாது. 

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். காய்ச்சல் உண்டா, ரத்தம் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றோம்.

"காப்சூல் எத்தனை நாள் சாப்பிட்டார்?"

"இருவது நாளும்மா."

"மோர் குடிக்கிறாரா?"

"மோரா? வாசப்படி தாண்ட விடலம்மா" என்றேன், மெடல் வாங்க நிற்கிறவளைப் போல.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வயித்துக்குள்ள நமக்கு வேண்டிய கிருமியும் இருக்கும்மா. செரிமானத்துக்கு அது ஒத்தாசை. காப்சூல் கெட்டதைக் கொல்லும்போது அதையும் சேர்த்துக் கொன்னிருக்கும். தயிர், மோர், பழைய சோறு இதுலல்லாம் நல்ல கிருமி இருக்கு. அதையெல்லாம் நீங்களே நிறுத்தியிருக்கீங்க. காப்சூல விடுங்க. உப்புப் போட்ட மோர் நாலு வேளை குடுங்க. வயிறு கொஞ்சம் நின்னதும் பழைய சோறு போடுங்க."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு வார்த்தை வைதிருந்தால் தேவலை.

ஊர் வந்து சேரும்போது தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள். வீட்டில் பால் இருந்தது, உறை ஊற்ற ஒரு சொட்டு மோர் இல்லை. விளக்கு வைத்தபின் மோர் கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று யாரும் கொடுக்கமாட்டார்கள். மறுநாளோ வெள்ளிக்கிழமை, பகலிலும் கிடைக்காது. அப்படியென்றால் சனிக்கிழமைதான். திங்கட்கிழமை மேஸ்திரி பின்னால் வந்து நின்றுவிடுவார்.

பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் கதவைப் பாதி திறந்து, "விளக்கு வச்சாச்சே தாயீ" என்றாள். அவளை எப்படிக் கோபிப்பது? எத்தனை பேருக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் இருந்தது தங்கபாய் வீடு. அவள் சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு இந்தத் தோஷமெல்லாம் கிடையாது. ஆனால் அவள் ஆடு என் முருங்கைக்கன்றைத் தின்றதிலிருந்து ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. மானத்தைப் பார்த்தால் முடியாது என்று போய் நின்றேன்.

"அவியளுக்கு வயிறு நிக்கல. கொஞ்சம் மோர் வேணும்."

"விளக்கு வச்ச பொறவு வாங்கலாமா நீ?"

"குடுக்கிறவளுக்குத்தான தோஷம். வாங்குறவளுக்கு என்ன?"

தங்கபாய் சிரித்துவிட்டாள். உள்ளே போய் ஒரு செம்பு மோரும், உறைக்குத் தனியாகக் கொஞ்சம் தயிரும் கொண்டுவந்தாள். "எங்க ஆட்ட வஞ்சதுக்கு எனக்குக் கோவம் இல்லக்கா. என்னைய ஆடுன்னு வஞ்சியே, அதுக்குத்தான்."

"வாய் நீளம் எனக்கு. மனசுல வச்சுக்காத."

அன்றைக்கே ஒரு டம்ளர் குடித்தார். வெள்ளிக்கிழமை ஆறு தடவை போனார். சனிக்கிழமை நாலு. ஞாயிற்றுக்கிழமை இரண்டே தடவை. திங்கட்கிழமை காலையில் பழைய சோறு கரைத்து வைத்தேன். தொடமாட்டேன் என்று மோரை மட்டும் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மேஸ்திரி பின்னால் நிற்கிற நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை அவருக்கு.

சனிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு நான் பஸ் நிற்கிற இடத்துக்கே போய்விட்டேன். இறங்கி வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 

"என்னாச்சு? சொல்லுங்க."

"ஆறு நாளும் நவுரல. பேரு எழுதிட்டாக."

ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என் பத்தியத்தால் போக இருந்த வேலை அது. அவர் குனிந்து என் தோளைத் தட்டினார்.

"ஏட்டி, எந்திரி. பசிக்குது."