நெவெனாவின் நாரை

நெவெனா செய்த முதல் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

வகுப்பில் மற்றவர்களுடைய பந்துகளெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஜோராகத் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு ரப்பர் பந்து தரையில் பட்டு எம்பி, மறுபடி எம்பி, கடைசியில் உருண்டு ஓய வேண்டும். அனிமேஷன் படிக்க வருகிற எவரும் முதலில் செய்கிற பயிற்சி அது. நெவெனாவின் பந்து சொத்தென்று விழுந்து, லேசாக ஒரு தரம் அசைந்தது. அவ்வளவுதான்.

"இது பந்தா, பீரோவா?" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த லச்செஸார். வகுப்பிலேயே கை தேர்ந்தவன் அவன்தான் என்பது முதல் நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. அவனுக்கும்.

"சிரிச்சுக்கோ. கனத்தைக் கொண்டுவர்றதுதான் கஷ்டம்னு இப்பத்தானே பாடம் நடந்துச்சு? எனக்கு அது வந்துடுச்சு. இனி குறைக்க வேண்டியதுதான் பாக்கி" என்றாள் நெவெனா.

பயிற்சி நிலையம் பிளோவ்டிவ் நகரில், ஒரு பழைய புகையிலைக் கிடங்கின் மேல்மாடியில் இருந்தது. மழை நாட்களில் இன்னமும் சுவரிலிருந்து புகையிலை நெடி கிளம்பும். அங்கே வந்து சேருவதற்கு முன்பு நெவெனா பளுதூக்கும் வீராங்கனை. தேசிய அணித் தேர்வில், இரும்பு தலைக்கு மேல் நிற்கும்போது அவளுடைய தோள்மூட்டு கழன்றது. இனிமேல் கடைப் பையைத் தவிர வேறெதையும் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸார்ஜிக்கில் முடி வெட்டும் கடை வைத்திருந்த அவள் அம்மா பென்கா, மகளுக்கு ஏதாவது பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை கிடைத்தால் போதும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

நெவெனாவின் மனசு வேறெங்கோ இருந்தது. பயிற்சிக்கூடத்தில் அவர்கள் தூக்குவதையெல்லாம் கோச் வீடியோ எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். குதிகால் எப்போது எழுந்தது, முழங்கை எங்கே மடங்கியது என்று. மற்ற பெண்கள் கொட்டாவி விடுவார்கள். இவள் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பாள். பதக்கத்தைவிட அதுதான் அவளுக்குப் பிடித்தமான நேரம். அந்தப் பார்வைக்கென்றே ஒரு தொழில் இருக்கிறது என்று தெரிந்ததும், யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"இருபத்தஞ்சு வயசுல பொம்மைப் படம் போடப் போறியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா. நல்லா வருவேன், பாரு."

போட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் மகள் சொல்லிக் கேட்ட அதே குரல். அம்மா அதற்கு மேல் தடுக்கவில்லை.

பயிற்சி ஆசிரியை பிலியானா, நெவெனாவைவிட ஒரு வயது சின்னவள். பூஞ்சை உடம்பு, பெரிய கண்ணாடி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற வாய். "மேடம்" என்று நெவெனா முதல் நாள் கூப்பிட்டதும் முகத்தைச் சுளித்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. மேடம்னா எங்க பாட்டி ஞாபகம் வருது."

நெவெனாவின் பந்து ஒரு வாரத்தில் துள்ள ஆரம்பித்தது. ஆனால் கனம் என்னவோ அவளை விட்டுப் போகவில்லை. பூனையைக் குதிக்கவிட்டால் பன்றிக்குட்டி மாதிரி இறங்கியது. காற்றில் பறக்கிற காகிதம்கூட ஈரத்துணி மாதிரி தொய்ந்தது. வண்டி இழுக்கிற எருமை என்றால் அவளை அடிக்க ஆளில்லை. பிலியானாவே அதை மற்ற வகுப்புகளுக்குப் போட்டுக் காட்டினாள். "எருமை மட்டும் நடிக்கற படம் எடுத்தா உனக்குத்தான் வேலை" என்று லச்செஸார் கிண்டலடித்தான்.

"முதல்ல எருமை. அப்புறம் மத்ததெல்லாம்" என்றாள் நெவெனா, சமோசா போல மடித்த பனித்ஸாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே.

இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் சோஃபியாவிலிருந்து ஒரு ஸ்டுடியோ பயிற்சி நிலையத்துக்கு ஒரு வேலையை அனுப்பியது. எடுத்துக்கொண்டிருக்கும் படத்தில், நாணல் காடு தீப்பிடித்து எரிகிறது. புகைக்கு நடுவிலிருந்து ஒரு நாரை எழும்பிப் பறக்க வேண்டும். யாருடைய நாரை நன்றாக இருக்கிறதோ, அவர் அந்த ஸ்டுடியோவில் வேலைக்குச் சேரலாம்.

நெவெனா முதலில் செய்த நாரையைப் பார்த்து பிலியானா தலையில் கை வைத்துக்கொண்டாள். பறவை முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, தன்னையே தூக்கிக்கொண்டு எழுந்தது.

"நெவெனா, இது நாரை இல்ல. நீங்கதான். றெக்கை கட்டியிருக்கீங்க, அவ்வளவுதான்."

நெவெனா இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே சிரிப்பு வந்தது. "சரிதான். என் இடது தோள்கூட அப்படியே இருக்கு" என்றாள். "நான் நாரையக் கையில தூக்கிப் பாத்ததே இல்லியே. எப்படித் தெரியும்?"

அன்றைக்கே நாலைந்து இடத்துக்குப் போன் போட்டாள். ஸ்தாரா ஸகோரா பக்கம் அடிபட்ட பறவைகளை வைத்துப் பார்க்கிற மருத்துவமனை ஒன்று இருந்தது. மின்கம்பியில் மோதி இறக்கை ஒடிந்த நாரை ஒன்று தேறிவிட்டது, சனிக்கிழமை காலையில் விடப்போகிறோம், வேண்டுமானால் வாருங்கள் என்றார்கள். லச்செஸாரிடம் கார் இருந்தது. "கேமரா எடுத்துட்டு நானும் வர்றேன்" என்று கிளம்பினான்.

புல்வெளியில் மருத்துவர் பெட்டியைத் திறந்து, பறவையை லாவகமாக வெளியே எடுத்தார். நின்றால் நெவெனாவின் இடுப்பைத் தாண்டும் உயரம். சிவப்பு அலகு, கோபமான கண்.

"பிடிக்கறீங்களா? அலகு மட்டும் முகத்துக்கிட்ட வராம பாத்துக்கங்க" என்றார்.

நெவெனா காலை அகட்டி வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள். பத்து வருடம் பழகிய உடம்பு; எதையாவது வாங்கப் போகிறோம் என்றால் தானாகவே தயாராகிவிடும். பறவையைக் கையில் வாங்கியதும் அவள் கைகள் குபீரென்று மேலே போயின. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவளே அதை வானத்துக்கு எறிந்திருப்பாள்.

"ஐயோ, இதுல ஒண்ணுமே இல்லியே!" என்று கத்திவிட்டாள்.

"ரெண்டு கோழி எடைகூட வராது. மீதியெல்லாம் இறகும் காத்தும்" என்று மருத்துவர் சிரித்தார்.

நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றாள் நெவெனா. இறகுக்குள் எலும்பு மெலிசாக இருந்தது. அதற்குள்ளே இதயம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. இரும்பை மட்டுமே ஏந்திய கைக்கு இது புதுசு. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழுகை இல்லை, ஒரு பெரிய சந்தோஷம்.

தரையில் விட்டதும் நாரை பறக்கவில்லை. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. இவர்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு வேலை மெனக்கெட்டவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற பெரிய மனுஷி மாதிரி மெல்ல நடந்துபோய், புல்லில் எதையோ கொத்தித் தின்றது. லச்செஸார் கேமராவைப் பிடித்துப் பிடித்துக் கை சளைத்தான். "இது இன்னிக்குப் பறக்காது. நான் காரிலேர்ந்து காபி எடுத்துட்டு வர்றேன்" என்று நகர்ந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாரை ஓடியது. தத்தித் தத்தி நாலு எட்டு, அழகே இல்லாத ஓட்டம். இறக்கை தரையைத் தட்டியது. காற்று எங்கோ அடியில் புகுந்துகொள்ள, பறவை யாரும் தூக்காமலே மேலே இருந்தது. கால்கள் இரண்டும் மறந்துபோன சாமான் மாதிரி கொஞ்ச நேரம் கீழே தொங்கின. அப்புறம்தான் ஞாபகம் வந்தவை போலப் பின்னால் நீண்டன.

"போச்சு! எடுக்கலியே!" என்று பிளாஸ்க்கோடு ஓடிவந்தான் லச்செஸார்.

"நான் பாத்துட்டேன். வா, சொல்றேன்."

திரும்பும் வழியெல்லாம் காரில் கையை விரித்து, காலைத் தொங்கவிட்டு, அவனுக்கு ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினாள். மறுநாள் இதைக் கேட்ட பிலியானாவுக்கு ஆத்திரம். "போட்டியாளன்கிட்டயே போய் எல்லாத்தையும் கொட்டுவீங்களா?"

"எங்க கூடத்துல எதிராளி தூக்கறதுக்கும் நாங்கதான் கம்பியில இரும்புத் தட்டு மாட்டிவிடுவோம். தூக்கறது அவங்கவங்க கையில இருக்கு" என்றாள் நெவெனா.

அவள் தன் பழைய நாரையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஓட்டம், உந்தல், தொங்கும் கால் என்று முக்கியமான சில நிலைகளை மட்டும் முதலில் நிறுத்தி, அவை சரியாக வந்த பிறகே நடுவில் உள்ளதை நிரப்பினாள். லச்செஸார் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டானே தவிர, இணையத்தில் கிடைத்த அருமையான வீடியோ ஒன்றை அடியில் வைத்து, அதன் மேலேயே அச்சு மாறாமல் செய்தான். பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

ஸ்டுடியோவிலிருந்து ஒக்னியான் வந்தார். அந்தப் படத்தின் கிராஃபிக்ஸ் முழுக்க அவர் பொறுப்பு. வழுக்கைத் தலை, கசங்கிய சட்டை. திரிந்துபோன பாலைக் குடித்தவர் போன்ற முகம். எல்லா நாரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். லச்செஸாருடையதைப் பார்த்து "அழகு" என்றார். நெவெனாவுடையதில் நிறுத்தினார்.

"கால் ஏன் இப்படித் தொங்குது? அசிங்கமா இருக்கே."

"கொஞ்ச நேரம் தொங்கத்தான் செய்யும்."

"படம் பாக்கறவனுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. ஆனா தொங்கலைன்னா, பொம்மைன்னு தெரிஞ்சிடும்."

ஒக்னியான் தாடையைத் தடவினார். "சரி. நேத்துதான் டைரக்டர் கேமராவை மாத்திட்டாரு. பறவை இடது பக்கம் திரும்பிப் போகணும். எழும்பறது இன்னும் வேகமா வேணும். நீங்களும் அந்தத் தம்பியும் இப்பவே, என் முன்னாடி மாத்திக் காட்டுங்க."

இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். லச்செஸாரின் முகம் சிவந்தது. ஒரு இடத்தைத் தொட்டதும் அவனுடைய நாரை கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாகப் பிய்ந்தது. வீடியோவில் இருந்த பறவை இடது பக்கம் திரும்பவே இல்லையே, அவன் எதைப் பார்த்துச் செய்வான்? "இப்படி அவசரப்படுத்தினா என்ன சார் பண்றது!" என்று மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

நெவெனாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. பழக்கதோஷத்தில், பளு தூக்குமுன் கையில் பூசும் வெள்ளைப் பொடியைத் தேடுகிறவள் மாதிரி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். ஆயிரம் பேருக்கு முன்னால், பின்னாலிருந்து கோச் கத்தக் கத்த வேலை செய்தவள். ஒரு மனிதர் பார்ப்பது பெரிதாகத் தெரியவில்லை. முதல் முயற்சியில் நாரை குப்புற விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கடைசி எட்டில் உடம்பை இடது பக்கம் சாய்த்தாள். ஒரு இறக்கையை முந்தவிட்டாள். ஓட்டத்தில் ஒரு எட்டைக் குறைத்தாள். மறுபடி ஓடவிட்டபோது பறவை திடுக்கிட்டது போல் திரும்பி, புகையை வெட்டிக்கொண்டு போயிற்று. தீயைப் பார்த்துப் பயந்த உயிர் அப்படித்தான் திரும்பும்.

"திங்கக்கிழமை சோஃபியா வந்துடுங்க" என்றார் ஒக்னியான். முகம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

பிலியானா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். லச்செஸார் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனாகவே அழைத்து, வார்னாவில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். "அவங்க வெச்ச தேர்வுல வீடியோவே பாக்கலடீ. முழுக்க என் கையால பண்ணேன்" என்றான். நெவெனா அதை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தாள். நரி ஒன்று வேலி தாண்டியது. நிஜமாகவே நன்றாக இருந்தது, அதை அவனிடம் சொல்லவும் செய்தாள்.

படம் மறு வருஷம் இலையுதிர்காலத்தில் வெளிவந்தது. கடையைச் சாத்திவிட்டு, தலையைச் சுருட்டி அலங்கரித்துக்கொண்டு, அம்மா பஸார்ஜிக் தியேட்டரில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாணல் எரிந்தது, நாரை எழுந்தது, கால் தொங்கியது, போயிற்று. அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்கேர்ந்து பிடிச்சாங்க அந்தப் பறவைய?" என்று காதில் கேட்டாள்.

"நான்தாம்மா பண்ணேன்."

"தெரியும்டீ. அந்த நிஜப் பறவைய எங்கேர்ந்து பிடிச்சாங்கன்னு கேக்கறேன்."

நெவெனா இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் தரப்போகிறார்கள் என்று இருட்டில் சிரித்துக்கொண்டாள். படம் முடிந்து கூட்டம் கலைந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அம்மா இருக்கையை விட்டு எழவில்லை. துடைப்பத்தோடு உள்ளே வந்த பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கடைசியில் வந்தது நெவெனாவின் பெயர், ஒரு எழுத்து தப்பாக.

"ஐயையோ, தப்பாப் போட்டிருக்கான்! போன் பண்ணு அவங்களுக்கு!"

"விடும்மா. அடுத்த படத்துல சரியாப் போட்டுடுவாங்க."

"அடுத்த படமா? என்னடீ அது?"

"வா, போயிட்டே சொல்றேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டாள் நெவெனா.