கால் நனைக்கும் தொட்டி

நோய்க்கு எதிராக மனிதகுலம் நடத்திவரும் நெடும்போரில், திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு கோட்டை எழுந்துவிட்டது என்று ஜானகிராமன் மைக்கில் அறிவித்தார். அவர் கோட்டை என்றது, தன் நாய்ப்பண்ணை வாசலில் கட்டியிருந்த கணுக்கால் ஆழத் தொட்டியை.

தொட்டிக்குக் கருங்கல் பதித்து, ஓரத்து இடுப்புயரச் சுவரின் மேல் பித்தளைத் தகடு அடித்திருந்தார்கள். தகட்டில் ஜானகிராமன் பெயரும் அதற்கு முன்னால் அவருடைய பட்டங்களும் போக, தொட்டி எதற்கென்று எழுத இடம் மிஞ்சவில்லை.

நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா ஓரமாக நின்றாள். குட்டிகள் இருந்த அறையின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. போன ஈற்றுக் குட்டிகளைப் பார்வோ நோய் வாரிக்கொண்டு போனது. ஒவ்வொன்றாக ரத்தமாய்க் கழிந்து செத்தன. சவுக்குத் தோப்பில் குழி வெட்டியது அவள்தான். இந்த ஈற்றில் நான்கு குட்டிகள். இன்னொரு முறை மண்வெட்டி எடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

தொட்டி யோசனையே கால்நடை மருத்துவர் சுஜாதா சொன்னது. "பினாயிலுக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாதும்மா. பிளீச்சிங் பவுடர் கரைச்சு தெனம் புதுசா ஊத்துங்க. யார் வந்தாலும் செருப்போட மிதிச்சிட்டு வரணும். ரெண்டாவது ஊசி போடுற வரைக்கும் குட்டிங்க பக்கம் யாரையும் விடாதீங்க" என்றிருந்தார்.

யாரையும் விடக்கூடாத இடத்துக்கு ஜானகிராமன் ஊரையே கூட்டித் திறப்பு விழா வைத்தார். பிளீச்சிங் பவுடர் வேட்டிக் கரையைத் தின்றுவிடும் என்று அன்றைக்கு மட்டும் மஞ்சளும் பன்னீரும் ஊற்றச் சொன்னார். முதலில் வந்த பிரமுகர் கருங்கல்லையும் கோலத்தையும் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்தவர்கள் வேறெதையும் பார்க்கவில்லை, பிரமுகரைப் பார்த்தார்கள். கழுவ வேண்டிய செருப்பெல்லாம் வாசலிலேயே கிடக்க, வெறுங்கால்கள் பயபக்தியோடு தொட்டியில் இறங்கி ஏறின. ஓர் அம்மாள் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

"இன்னா யக்கா, கோயிலு கணக்கா கீது" என்றான் வாட்ச்மேன் சின்னராசு. "ஒரு மணிய கட்டி வுட்டா நீயும் நானும் பூசாரி."

"வாய மூடிக்கினு நில்லு. சிரிப்பு வந்துடப் போவுது."

பிரமுகர் குட்டிகளைத் தூக்கிப் படம் எடுக்க ஆசைப்பட்டார். ஜானகிராமன் ரெஜினாவைப் பார்த்தார்.

"சாவி காணோம் சார்" என்றாள். அவர் முறைத்தார். அவள் தரையைப் பார்த்தாள். சாவி விழா முடியும்வரை காணாமலே இருந்தது.

ஊரைத் தடுத்துவிட்டாள். முதலாளியைத் தடுக்க வழியில்லை.

ஜானகிராமன் தினமும் காலையில் கடற்கரையில் நடப்பார். குப்பத்து நாய்களுக்கு பிஸ்கட் போட்டுவிட்டு, மருமகன் வாங்கித் தந்த நீல ஷூவோடு பண்ணைக்கு வருவார். தொட்டி வந்ததும் பித்தளைத் தகட்டில் ஒரு கையை ஊன்றித் தாண்டுவார். ஊன்றி ஊன்றிப் பெயரில் முதல் எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. நேரே குட்டிகளிடம் போய்க் கொஞ்சுவார்.

"சார், தொட்டி" என்று முதல் நாளே ரெஜினா சொல்லிப் பார்த்தாள்.

"அது வெளியாளுங்களுக்கும்மா."

இரண்டாவது தடவை சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயங்கள் அந்தப் பண்ணையில் ஏற்கெனவே நிறைய இருந்தன.

ஒரு காலையில் கருப்பிக் குட்டி பாலை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகு வாந்தி. பிறகு அந்த நாற்றம். ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. நோய் கண்டதைத் தனியே வைக்க ஓர் அறை உண்டு. அதில் விழாவுக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ரெஜினாவும் சின்னராசுவும் அவற்றை வெளியே இழுத்துப் போட்டார்கள். சுஜாதா வந்து டிரிப் ஏற்றினார். கருப்பி மத்தியானம்வரை தாங்கியது.

"மத்த மூணும் இன்னும் தெம்பா இருக்கு" என்றார் சுஜாதா. "ஆனா கிருமி உள்ள வர்ற வழிய அடைக்கணும். இல்லேன்னா என் கையில எதுவும் இல்ல."

ஜானகிராமன் அங்கேயே விசாரணையைத் தொடங்கினார். "யாரோ துரோகம் பண்ணியிருக்காங்க. சின்னராசு, நீ தொட்டிய மிதிக்கிறதே இல்லியாமே?"

"தெனம் மிதிக்கிறேன் சார். செருப்ப பாருங்க. கறுப்புன்னு சொல்லித்தான் குடுத்தான் கடைக்காரன்."

சின்னராசுவின் செருப்பு பிளீச்சிங் பவுடர் தின்று சாம்பல் பூத்திருந்தது. ரெஜினாவின் செருப்பும் அப்படித்தான். சிவப்பாக இருந்ததற்கு வாரில் ஒரு கோடுதான் சாட்சி. சுஜாதா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். அதுவும் விளிம்பில் வெளுத்திருந்தது.

எல்லாருடைய பார்வையும் மெல்ல நகர்ந்து நீல ஷூவில் நின்றது. அது பெட்டியில் இருந்து எடுத்த அன்றைக்கு இருந்த நீலத்திலேயே இருந்தது.

"உங்க ஷூ மட்டும் புதுசா கீது சார்" என்றாள் ரெஜினா. கோபமாகச் சொல்லவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஜானகிராமன் கடல் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, மைக் இல்லாத குறை தெரியாத குரலில், "தலைவன் என்பவன் முன்னுதாரணமா இருக்கணும். நாளையிலிருந்து நானும் தொட்டியில் இறங்குகிறேன்" என்று அறிவித்தார்.

மறுநாள் ரெஜினா தொட்டியில் நெடி கண்ணைக் கரிக்கும்படி பவுடரைக் கரைத்து வைத்தாள். மூன்று குட்டிகளும் பால் குடித்திருந்தன. அவள் அறை வாசலில் நின்று பார்த்தாள். ஜானகிராமன் வந்தார். தாண்டவில்லை. தொட்டி ஓரத்தில் குனிந்து நின்றார்.

ரெஜினா உள்ளே கை நீட்டிக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு தொட்டியைக் கடந்து, இந்தப் பக்கம் வந்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.